இலைமேல் கிரஷர் தூசி: எந்த நாளில் கழுவுவது, எந்த நாளில் விட்டுவிடுவது

கேள்வி: ஐயா, வணக்கமுங்க. பல்லடத்துக்குத் தெற்கே எங்கள் தோட்டம். ஒரு ஏக்கர் கத்தரி, அதை ஒட்டி 30 எலுமிச்சை மரம். மேற்கே ஏறக்குறைய 400 மீட்டரில் ஜல்லி கிரஷர் ஓடுகிறது. மேற்கு வேலியை ஒட்டின மண் தடத்தில் டிப்பர் லாரிகள் நாள் முழுக்கப் போய்வருகின்றன. ஆடிக் காற்றில் இலையெல்லாம் சாம்பல் பூசின மாதிரி ஆகிவிடுகிறது. காற்று நின்றால் தீரும் என்று பார்த்தால், மார்கழியிலும் பயிர் வெளிறி நிற்கிறது. கொழுந்தே மஞ்சளாக வருகிறது. "மூடாக்கு வானத்தில் ஒளிச்சேர்க்கை நடக்காது, இதற்கும் தூசிக்கும் சம்பந்தமில்லை" என்கிறார் ஒருவர். மருந்துக் கடையில் யூரியாவும் டானிக்கும் கொடுக்கிறார்கள். தினமும் இலையைக் கழுவிவிட்டால் சரியாகுமா? போர் தண்ணீர் உப்பு. பங்குனி, சித்திரையில் தண்ணீரே குறைவு. ஒரு வழி சொல்லுங்க.

பதில்: உங்கள் கடிதத்தில் இரண்டு பிரச்சினைகள் கலந்து கிடக்கின்றன. ஆடியில் இலைமேல் பூசுவது தூசி, அதில் சந்தேகமில்லை. மார்கழியில் கொழுந்து மஞ்சளாக வருவது பெரும்பாலும் வேரிலிருந்து வரும் கோளாறு. இலையை எத்தனை முறை கழுவினாலும் அது போகாது. முதலில் தூசியைப் பார்ப்போம்.

தூசி படிந்த இலை எப்போதும் ஒரே அளவு நட்டம் தருவதில்லை. அன்றைய வானிலைதான் நட்டத்தைத் தீர்மானிக்கிறது. சித்திரை மாத உச்சி வெயிலில், ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படும் ஒளி ஒரு சதுர மீட்டரில் நொடிக்குச் சுமார் 2000 மைக்ரோமோல் (ஒளியை எண்ணும் அலகு) விழுகிறது. கத்தரியின் ஓர் இலைக்கு அதில் பாதி கிடைத்தாலே போதும். எலுமிச்சைக்கு இன்னும் குறைவாகவே போதும். அதற்கு மேல் விழுவதை இலையால் பயன்படுத்த முடியாது. தூசி கால்பங்கு ஒளியை மறைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 2000 என்பது 1500 ஆகும். உச்சியில் வெயில் பார்த்து நிற்கும் இலைக்கு ஒளியளவில் இதனால் ஒன்றும் குறைவில்லை. அதே தூசி, மூடாக்கான நாளில் 400 விழும் இடத்தில் 300 ஆக்கிவிடும். இந்தக் குறைந்த வெளிச்சத்தில் ஒளி எவ்வளவு குறைகிறதோ ஏறக்குறைய அவ்வளவு ஒளிச்சேர்க்கையும் குறையும். ஆக, உங்களிடம் பேசிய நண்பர் சொன்னது பாதி சரி. மூடாக்கு ஒளியைக் குறைக்கிறது. குறைந்த ஒளியில்தான் தூசியும் அதிகம் கடிக்கிறது.

செடியின் கீழ் இலைகளுக்கு ஆண்டு முழுவதும் மூடாக்குதான். மேல் இலைகள் வடிகட்டிய மிச்சம்தான் அவற்றுக்குக் கிடைக்கிறது. அதன்மேல் தூசியும் படிந்தால், அந்த இலை பகலில் சேர்ப்பதைவிட மூச்சுவிடச் செலவழிப்பது கூடிவிடும். பிறகு செடி அதை மஞ்சளாக்கி உதிர்த்துவிடும். கத்தரியில் அடி இலைகள் வழக்கத்துக்கு முன்பே பழுத்து விழுகின்றனவா என்று பாருங்கள். தூசியின் முதல் அடையாளம் பெரும்பாலும் அங்கேதான் தெரியும்.

உச்சி வெயிலில் தூசி வேறு வழியில் கெடுக்கிறது. சுத்தமான பச்சை இலை, கண்ணுக்குத் தெரியாத வெப்பக் கதிர்களில் பெரும்பகுதியைத் திருப்பியனுப்பியும் ஊடே விட்டும் தன்னைக் காத்துக்கொள்ளும். சாம்பல் நிறக் கருங்கல் தூள் அந்தக் கதிர்களை உறிஞ்சிச் சூடாகிறது. தடிமனாகத் தூசி படிந்த இலை 2 முதல் 4 டிகிரி வரை கூடுதலாகச் சூடேறலாம். வெளியே 38 டிகிரி, காற்றின் ஈரப்பதம் 30 சதவீதம் என்றால், காற்றுச் சூட்டிலேயே இருக்கும் இலையிலிருந்து காற்று நீரை இழுக்கும் விசை சுமார் 4.6 கிலோபாஸ்கல். இலை 41 டிகிரிக்குப் போனால் அது 5.8 ஆகிவிடும், கால்பங்கு கூடுதல். செடி இதைத் தாங்காமல் இலைத்துளைகளை மூடிக்கொள்ளும். துளை மூடினால் கரியமில வாயு உள்ளே வராது. ஒளி எவ்வளவு இருந்தும் பயனில்லை. பதினொரு மணி முதல் மூன்று மணி வரை கத்தரி வாடி, மாலையில் நிமிர்ந்தால் இதுதான் நடக்கிறது. இதற்கு மேல், 35 டிகிரியைத் தாண்டினால் கத்தரி, எலுமிச்சை போன்ற பயிர்களில் சேர்த்த கரியையே திரும்ப இழக்கும் ஒளிச்சுவாசமும் கூடும். அதே வெயிலில் சோளமும் மக்காச்சோளமும் அவ்வளவு தளராதது இந்த இழப்பு அவற்றில் மிகக் குறைவு என்பதால்தான்.

துளை அடைப்பைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். அதில் பாதிதான் உண்மை. இலைத்துளையின் வாய் அகலம் ஒரு சில மைக்ரான்தான். கண்ணுக்குத் தெரியும் பொடி அதற்குள் நுழையாது. நுண்தூள் மட்டும்தான் வாயில் சிக்கும். சிக்கினால் துளை முழுதாக மூட முடியாமல் திறந்தே கிடக்கும். இரவிலும் நீர் கசியும். எலுமிச்சையில் துளைகள் இலையின் அடிப்பக்கத்தில் மட்டுமே இருப்பதால் மேலே படியும் தூசி அவற்றை எட்டாது. அங்கே நிழலும் சூடும்தான் நட்டம். கத்தரியில் இரண்டு பக்கமும் துளை, இரண்டு பக்கமும் நட்சத்திர வடிவ ரோமம். ரோமத்தில் மாட்டிய தூசியைக் காற்று திரும்ப எடுத்துப்போகாது. ஒரே வேலியோரத்தில் முருங்கை பச்சையாகவும் கத்தரி சாம்பலாகவும் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். முருங்கையின் சிற்றிலை வழவழப்பானது, காற்றில் ஆடிக்கொண்டே இருப்பது.

உங்கள் பகுதியின் காற்றோட்டத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். வைகாசிக் கடைசியிலிருந்து ஆவணி வரை பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்குக் காற்று பலமாக வீசும். கிரஷர் உங்களுக்கு மேற்கே இருப்பதால் அந்த மாதங்களில் நீங்கள் நேராகக் காற்றின் பாதையில் இருக்கிறீர்கள். ஐப்பசிக்குப் பிறகு காற்று வடகிழக்கிலிருந்து, அதுவும் மெதுவாக. கிரஷர் தூசி அப்போது உங்கள் பக்கம் அதிகம் வராது. ஆனால் மார்கழி, தையில் விடியற்காலைக் குளிர்காற்று தரையோடு படிந்து, மேலே சூடான காற்று மூடிபோல நிற்கும். தடத்தில் எழும் புழுதி, குப்பை எரிக்கும் புகை எல்லாம் கலைந்துபோக வழியின்றித் தோட்டத்து உயரத்திலேயே மிதக்கும். இலையில் பனி வேறு. பனியில் நனைந்த தூசி காய்ந்ததும் ஏடாக ஒட்டிக்கொள்ளும்.

மழையைப் பற்றியும் ஒரு தவறான நம்பிக்கை உண்டு. நல்ல ஒரு மழை இலையைக் கழுவும். ஆனால் 2, 3 மில்லிமீட்டர் தூறல் கழுவாது. தூசியைச் சேறாக்கி இலையிலேயே பூசிவிட்டுப் போகும். ஆடிச் சாரல் முடிந்த மறுநாள் இலையைத் தொட்டுப் பாருங்கள், தெரியும். கழுவ வேண்டிய நாட்களில் இதுவும் ஒன்று.

ஒரு கிளைக்கதை. வானத்தில் தூசி, புகை இருந்தால் ஒளி சிதறிக் கீழ் இலைகளுக்கும் போகும், ஆகவே மாசு பயிருக்கு நல்லது என்று சிலர் எழுதுகிறார்கள். அடிப்படை உண்மை இல்லாமல் இல்லை. 1991இல் பிலிப்பைன்ஸில் பினாடுபோ எரிமலை வெடித்த பிறகு, அமெரிக்காவின் ஹார்வர்டு காட்டில் 1992ஆம் ஆண்டு மேகமில்லாத நண்பகல்களில் ஒளிச்சேர்க்கை சுமார் 23 சதவீதம் கூடியதாகக் கணக்கிட்டார்கள். அது பல அடுக்கு இலை கொண்ட காடு; தூள் இருந்ததோ வானத்தின் உயரத்தில். பயிர்களை வைத்து 2018இல் வெளியான ஆய்வில், சிதறிய ஒளியின் ஆதாயத்தை மொத்த ஒளி குறைந்த நட்டம் விழுங்கிவிட்டது தெரிந்தது. இடுப்பளவு கத்தரிக்கு, அதுவும் இலைமேலேயே படிந்த தூளுக்கு, இந்த வாதம் பொருந்தாது.

இனி உங்கள் தோட்டத்தில் செய்ய வேண்டியவை. முதலில் தூசி எவ்வளவு, எங்கிருந்து என்று அளந்துவிடுங்கள், செலவு அதிகமில்லை.

ஒரே அளவான இரண்டு சன்னல் கண்ணாடித் துண்டுகளைச் செடி உயரத்தில் குச்சி நட்டுப் படுக்கையாக வையுங்கள். ஒன்றைத் தினமும் துடையுங்கள், மற்றதைத் தொடாதீர்கள். ஏழாம் நாள் காலை, கைபேசியில் ஒளியளக்கும் செயலி ஒன்றைத் திறந்து, நேர் வெயில் படாத நிழலில் வானம் பார்த்து வைத்து, உணரியின் மேல் ஒவ்வொரு கண்ணாடியையும் மாற்றி மாற்றி வைத்து எண்ணைக் குறியுங்கள். சுத்தமானதில் 8000, தூசியானதில் 6400 வந்தால் மறைப்பு 20 சதவீதம். ரோமமுள்ள கத்தரி இலை கண்ணாடியைவிட அதிகம் பிடித்துவைக்கும் என்பதால் இதைக் குறைந்தபட்சக் கணக்காக எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, ஒரு கம்பத்தின் நான்கு பக்கமும் வாஸ்லின் (பெட்ரோலியம் ஜெல்லி) தடவிய வெள்ளை அட்டைகளை ஒட்டுங்கள். இப்படி ஒரு கம்பம் மேற்கு வேலியோரம், இன்னொன்று தோட்டத்தின் நடுவில். மூன்று நாள் கழித்துப் பாருங்கள். வேலியோர அட்டை கறுத்து, நடு அட்டை ஓரளவு வெளுப்பாக இருந்தால் உங்கள் முதல் எதிரி டிப்பர் ஓடும் தடம், கிரஷர் இரண்டாவது. இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு படிந்திருந்தால் தூசி தொலைவிலிருந்து வருகிறது. 400 மீட்டரில் உள்ள கிரஷரைவிட 10 மீட்டரில் உள்ள மண் தடம் அதிகம் கெடுப்பது சாதாரணமாக நடப்பதுதான். பெரிய துகள்கள் கிளம்பின இடத்துக்குப் பக்கத்திலேயே விழுந்துவிடும்.

தூசி என்ன வகை என்பதையும் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு சொல்லிவிடும். தூளின்மேல் விட்டதும் நுரைத்தால் சுண்ணாம்பு கலந்தது. நுரைக்காவிட்டால் பெரும்பாலும் கருங்கல் தூள். நுரைத்தால் உடனே கிரஷரைக் குற்றம் சொல்லாதீர்கள்; சுக்கான் (சுண்ணாம்புக் கல்) கலந்த மண் தடத்துப் புழுதியும் நுரைக்கும். கருங்கல் தூள் இலையை இரசாயனமாக அரிக்காது. மறைப்பதும் சூடேற்றுவதும்தான் அதன் வேலை. சிமென்ட் தூள் அப்படியல்ல. பனியில் நனைந்ததும் கடுமையான காரமாகி, இலையின் மெழுகுப் பூச்சைக் கெடுத்து, கெட்டியான ஓடாக இறுகும். பூவின் சூல்முடியில் படிந்தால் மகரந்தம் முளைக்காது; அமெரிக்காவில் சிமென்ட் ஆலையோரச் செர்ரித் தோட்டங்களில் 1914 வாக்கிலேயே இதைக் கண்டுவிட்டார்கள். அக்கம்பக்கத்தில் கான்கிரீட் கலவை நிலையம் ஏதாவது இருந்தால் இதையும் மனதில் வையுங்கள்.

கழுவுவதற்கு வருவோம். தினமும் வேண்டாம். நாள் முழுவதும் ஈரமாக இருக்கும் இலை பூசண நோயை அழைக்கும். தண்ணீருக்கும் கூலிக்கும் கட்டாது. எத்தனை நாளுக்கு ஒரு முறை என்பதை உங்கள் கண்ணாடியே சொல்லும். துடைத்து வைத்த கண்ணாடியை 3, 6, 9, 12ஆம் நாட்களில் அளந்து பாருங்கள். மறைப்பு 15 சதவீதத்தைத் தொடும் நாள் எதுவோ அதுவே உங்கள் இடைவெளி. இந்த 15 என்பது கூலியையும் விளைச்சலையும் எடைபோட்டு நான் வைக்கும் எல்லை, சட்டமல்ல. மூன்றாம் நாளே 15ஐத் தாண்டுகிறது என்றால் கழுவி வெல்ல முடியாது. அந்தப் பணத்தைத் தடுப்புக்குச் செலவிடுங்கள்.

கழுவும் அளவு: இரண்டடிக்கு இரண்டடி நட்ட கத்தரி ஏக்கருக்கு ஏறக்குறைய 11,000 செடி. செடிக்கு 40 முதல் 50 மில்லி, அதாவது ஏக்கருக்கு 450 முதல் 550 லிட்டர். மருந்தடிக்கும் 200 லிட்டர் கணக்கில் அடித்தால் தூசி நனையுமே தவிர இறங்காது. தூறல் செய்த அதே வேலையைத்தான் நீங்களும் செய்வீர்கள். இலை நுனியிலிருந்து கலங்கல் நீர் சொட்ட வேண்டும். பவர் ஸ்பிரேயரில் விசிறி போல விரியும் நாசிலை மாட்டி, உச்சியிலிருந்து கீழாக, பிறகு நாசிலைத் திருப்பி அடிப்பக்கமும் ஒரு முறை. அழுத்தத்தைக் கூட்டிக் கிட்டத்தில் பிடித்தால் இலை கிழியும், பூ உதிரும். எலுமிச்சை மரத்துக்கு வளர்ச்சியைப் பொறுத்து 10 முதல் 15 லிட்டர். ரெயின் கன் (மழைபோல நீர் பாய்ச்சும் கருவி) இருந்தால் அதிலேயே கழுவலாமே என்று தோன்றும். 5 மில்லிமீட்டர் பொழிய ஏக்கருக்கு 20,000 லிட்டர் வேண்டும். பாசன நாளும் கழுவும் நாளும் ஒன்றாக வந்தால் மட்டும் அதைச் செய்யலாம்.

நேரம் முக்கியம். பூக்காத பருவத்தில் காலை ஆறிலிருந்து எட்டு. இரவுப் பனியில் ஏற்கெனவே ஊறியிருக்கும் தூசி எளிதில் இறங்கும், வெயில் ஏறியதும் இலை காய்ந்துவிடும். கத்தரி பூத்து நிற்கும்போது காலையில் வேண்டாம். மகரந்தம் அப்போதுதான் வெளிவரும். நனைந்தால் காய்ப்பு குறையும். அந்தப் பருவத்தில் மாலை மூன்றரையிலிருந்து நாலரைக்குள் முடித்து, இருட்டுமுன் இலை காய விடுங்கள். உச்சி வெயிலில் ஒருபோதும் கழுவக் கூடாது. உங்கள் போர் தண்ணீரில் அது இன்னும் மோசம். லிட்டருக்கு 1500 மில்லிகிராம் உப்புள்ள நீர் 500 லிட்டரில் முக்கால் கிலோ உப்பு இருக்கிறது. அதில் பெரும்பகுதி கீழே வடிந்தாலும், மிஞ்சியது இலை ஓரத்தில் காய்ந்து கருக வைக்கும். எலுமிச்சை இலைக்கு உப்பு குறிப்பாக ஆகாது. பண்ணைக்குட்டையிலோ தொட்டியிலோ சேர்த்த மழை நீரைக் கழுவுவதற்கென்றே ஒதுக்குங்கள். கழுவும் நீரில் ஒட்டுத்திரவம் சேர்க்க வேண்டாம். வெறும் தண்ணீர் போதும்.

எலுமிச்சை இலையிலும் காயிலும் சொறி இருந்தால் கழுவுவதை நிறுத்துங்கள். அந்தப் பாக்டீரியா தெறிக்கும் நீரில்தான் மரத்துக்கு மரம் போகும். கத்தரியில் இலைப்புள்ளி தெரிந்தாலும் அப்படியே. முதலில் நோயைக் கட்டுப்படுத்திவிட்டுப் பிறகு கழுவலாம்.

பூச்சிமருந்து அடிப்பதாக இருந்தால், முதல் நாள் கழுவி மறுநாள் அடியுங்கள். தூசியின்மேல் அடித்த மருந்து இலையைச் சேராது. இன்னொன்றும் உண்டு. தூசி படிந்த தோட்டத்தில் செஞ்சிலந்தி பெருகும். அதைத் தின்னும் நல்ல பூச்சிகளால் தூசியில் இயங்க முடியாது. இலை வெண்கல நிறமாகி, அடியில் மெல்லிய நூலாம்படை தெரிந்தால் அது மாசு அல்ல, சிலந்தி. வெள்ளைத் தாளின்மேல் இலையைத் தட்டுங்கள். விழுந்த புள்ளிகள் நடந்தால் உறுதி. இதற்கும் முதல் வைத்தியம் அடிப்பக்கம் படக் கழுவுவதுதான்.

மார்கழி மஞ்சளுக்கு இப்போது வருகிறேன். கொழுந்து இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்புச்சத்துக் குறை. உங்கள் வட்டாரத்தில் சுக்கான் கலந்த செம்மண் பரவலாக உண்டு. சுண்ணாம்பு மண்ணில் இரும்பு இருந்தும் வேருக்குக் கரைந்து கிடைக்காது. வடகிழக்கு மழையில் மண் ஊறி, குளிரில் வேரும் சோர்ந்திருக்கும்போது இந்தக் குறை வெளியே தெரியும். பச்சையம் உருவாக இரும்பு வேண்டும். பச்சையம் இல்லாத இலைக்கு வெயில் இருந்து என்ன பயன்? சோதனை எளிது. ஒரு லிட்டர் நீரில் 5 கிராம் அன்னபேதி உப்பு (இரும்பு சல்பேட்), 1 கிராம் சிட்ரிக் அமிலம் கரைத்து, ஐந்தாறு செடிகளின் கொழுந்தில் மட்டும் மாலையில் தெளியுங்கள். ஒரு வாரத்தில் அந்தக் கொழுந்துகள் பச்சை பிடித்தால் காரணம் தெரிந்துவிட்டது. முழுத் தோட்டத்துக்கும் 10 முதல் 15 நாள் இடைவெளியில் இரண்டு அல்லது மூன்று முறை தெளிக்கலாம். கரைசலை அன்றன்றே கலக்குங்கள். பழுப்பு நிறமாக மாறியதை ஊற்றிவிடுங்கள். எலுமிச்சையில் புது இலை சிறுத்து, நரம்புகளுக்கிடையே மஞ்சள் திட்டுத் திட்டாக இருந்தால் துத்தநாகக் குறை. லிட்டருக்கு 5 கிராம் துத்தநாக சல்பேட், தளிர் விரியும் சமயத்தில். கூடவே வடிகாலையும் பாருங்கள். பாத்தியில் தண்ணீர் நின்றால் எந்தத் தெளிப்பும் நிலைக்காது.

யூரியாவை நிறுத்துங்கள். தழைச்சத்துக் குறை அடி இலையிலிருந்து சீராக மஞ்சளாகத் தொடங்கும், கொழுந்தில் தொடங்காது. தேவையில்லாத யூரியா இலையை மென்மையாக்கி, சாறு உறிஞ்சும் பூச்சிக்கும் சிலந்திக்கும் விருந்து வைக்கும். அடி இலை பழுப்பது தழைச்சத்துக் குறையாலும் வரலாம், தூசியாலும் வரலாம் என்பதால் இரண்டு வரிசையை மட்டும் இரு வாரம் கழுவிப் பாருங்கள். கழுவிய வரிசையில் அடி இலை பழுப்பது நின்றால் உரப்பையைத் திறக்க வேண்டியதில்லை. டானிக்கைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. அதில் என்ன இருக்கிறது என்று புட்டியில் எழுதியிராவிட்டால் வாங்காதீர்கள்.

கழுவினால் போகாத மாசும் இருக்கிறது. வெயில் கடுமையாகவும் காற்று மந்தமாகவும் உள்ள மாசி முதல் சித்திரை வரையான மாதங்களில், வாகனப் புகையும் ஆலைப் புகையும் வெயிலில் வினைபுரிந்து ஓசோனாக மாறும். நகரத்தில் கிளம்பி, காற்று போகும் திசையில் உள்ள கிராமத்தில் கூடுதலாகச் சேரும். இலைத்துளை வழியே உள்ளே போய் ஒளிச்சேர்க்கை நொதியையே குறைக்கும். முதிர்ந்த இலைகளின் மேல்பக்கத்தில், நரம்புக்கு இடையே ஊசிமுனை அளவு வெளிர்ப் புள்ளிகள். கொழுந்து சுத்தமாக இருக்கும். இதற்குத் தெளிக்க மருந்து எதுவும் இல்லை. யாராவது விற்றால் வாங்க வேண்டாம். அருகே செங்கல் சூளை இருந்தால் வேறு அடையாளம்: கந்தகப் புகை நரம்புகளுக்கிடையே தந்த நிறத் திட்டாக வெளுக்கும், புளோரின் புகை இலை நுனியையும் ஓரத்தையும் கருக்கும். ஈரப்பதம் மிகுந்த காலை வேளையில் இலைத்துளை அகலத் திறந்திருப்பதால் கந்தகப் புகை அப்போதுதான் அதிகம் சுடும். நீங்கள் சூளையைக் குறிப்பிடவில்லை; ஆனால் எலுமிச்சை இலை ஓரம் கருகினால், உப்புத் தண்ணீரைச் சந்தேகித்த பிறகு இதையும் நினையுங்கள்.

பங்குனி, சித்திரையில் தண்ணீர் குறைவு என்கிறீர்கள். அந்த மாதங்களில் கழுவும் நீரை இலைக்குக் கொடுப்பதா வேருக்குக் கொடுப்பதா என்றால் வேருக்குத்தான். சொட்டுநீரில் ஒரே நேரமாக விடுவதை அதிகாலை, மாலை என்று இரண்டாகப் பிரித்து, வேர்ப்பகுதியைக் காய்ந்த சருகு, வைக்கோல் போட்டு மூடுங்கள். துளைகள் நண்பகலில் மூடும் நேரம் குறையும். வறட்சிக்குக் கயோலின் வெள்ளைக் களிமண்ணை 5 சதவீதக் கரைசலாகத் தெளிக்கச் சொல்வார்கள். தூசியைத் திட்டிவிட்டு இதை எப்படிப் பரிந்துரைப்பது என்று கேட்கலாம். கயோலின் வெண்மையானது, வெப்பத்தைத் திருப்பியனுப்பும், இலைத்துளையை அடைக்காத மெல்லிய படலமாக நிற்கும். ஆனால் சாம்பல் தூசி ஏற்கெனவே படிந்த இலைமேல் அதை அடித்தால் இரண்டும் சேர்ந்து ஒளியைத்தான் மறைக்கும். கழுவிய இலையில் அடிக்கலாம். கழுவத் தண்ணீர் இல்லாத தோட்டத்தில் வேண்டாம். கைபேசி காட்டும் காற்றுத் தர எண்ணை வைத்து இதையெல்லாம் முடிவு செய்யாதீர்கள். அது தொலைவில் உள்ள நிலையத்தில், மனித நுரையீரலைக் கருதி அளந்தது. உங்கள் இலையில் படிந்ததை அது காட்டாது.

நிலையான தீர்வு மேற்கு வேலியில்தான். சுவர் கட்டாதீர்கள், காற்று அதன்மேல் ஏறிக் குதித்துப் பின்னாலேயே தூசியைக் கொட்டும். பாதிக் காற்று ஊடுருவும் மரவேலி தூசியை நன்றாகப் பிடிக்கும். தடத்தை ஒட்டி நொச்சி அல்லது ஆடாதோடை நெருக்கமாக ஒரு வரிசை, அடுத்து கொடுக்காப்புளி, அதற்குள்ளே வேம்பும் புங்கனும் மாற்றி மாற்றி. முதல் வரிசை தரையிலிருந்தே இலையோடு இருக்க வேண்டும். அடி மொட்டையான மரங்களின் கீழே புழுதி நேராகப் புகும். உயரத்தைப் போல 10 முதல் 15 மடங்கு தொலைவுக்குக் காற்று தணியும். 6 மீட்டர் வேலிக்கு 60 முதல் 90 மீட்டர். மர வேர் கத்தரிக்குள் வராமலிருக்க உட்பக்கம் இரண்டடி ஆழத்தில் ஒரு சால் வெட்டி, ஆண்டுக்கு ஒருமுறை வேரை அறுத்துவிடுங்கள். மரம் வளர இரண்டு மூன்று ஆண்டாகும். அதுவரை ஆடிக்கு முன்பாக 50 சதவீதப் பச்சை நிழல்வலையை 3, 4 மீட்டர் உயரத்தில் உறுதியான கம்பங்களில் கட்டலாம். ஆடிக் காற்று வலையைப் பாய்மரமாக்கிக் கம்பத்தைச் சாய்க்கும் என்பதால் ஒவ்வொரு கம்பத்துக்கும் இழுவைக் கம்பி வேண்டும். மேற்கோரம் முதல் மூன்று நான்கு வரிசையில் கத்தரிக்குப் பதில் மக்காச்சோளம் அல்லது அகத்தி போடுவதும் உதவும்.

எல்லாவற்றுக்கும் முன், தடத்தில் நாளைக்கு இரண்டு மூன்று முறை தண்ணீர் லாரி ஓடுவதும், டிப்பர்கள் தார்ப்பாய் கட்டி மெதுவாகப் போவதும் உங்கள் கழுவல் செலவில் பெரும்பகுதியை மிச்சப்படுத்தும். கிரஷர் நடத்துபவரிடம் அட்டைகளைக் காட்டிப் பேசுங்கள். பலரும் தடத்தை நனைக்க ஒப்புக்கொள்வார்கள். ஒப்புக்கொள்ளாவிட்டால் மாவட்டத்தில் உள்ள தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலகத்தில் எழுத்தில் புகார் கொடுங்கள். கல் அரைக்கும் இயந்திரத்திலிருந்து 3 முதல் 10 மீட்டர் தொலைவில் மிதக்கும் துகள் ஒரு கனமீட்டருக்கு 600 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்பது சட்ட வரம்பு. பொதுவெளிக் காற்றில் 10 மைக்ரானுக்குட்பட்ட துகளின் 24 மணி நேரச் சராசரி 100க்குள் இருக்க வேண்டும். புகாரில் "பயிர் கெடுகிறது" என்று மட்டும் எழுதினால் பதில் வராது. தேதியிட்ட அட்டைகள், கண்ணாடி அளவுகள், காற்றின் திசை, லாரி போகும் நேரம், கழுவிய வரிசையிலும் கழுவாத வரிசையிலும் ஒவ்வொரு பறிப்பிலும் கிடைத்த கத்தரியின் எடை ஆகியவற்றை ஒரே நோட்டில் எழுதி, நகலை இணையுங்கள். அந்த எடைக் கணக்கை வைகாசி முதல் வாரத்திலேயே தொடங்கிவிடுங்கள். காற்று தொடங்கிய பிறகு எழுதினால் ஒப்பிட முந்தைய அளவு இருக்காது.